ஒற்றைக் கம்பியின் சேதி

1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 காரில், ஓட்டுபவரின் கண்ணுக்கு நேரே இருந்தவை வேகம், பெட்ரோல், எஞ்சின் சூடு ஆகிய மூன்றையும் காட்டும் முட்களும், விரல்விட்டு எண்ணிவிடக்கூடிய சில விளக்குகளும் மட்டுமே. இன்னும் எத்தனை கிலோமீட்டருக்குப் பெட்ரோல் தாங்கும், எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்று இன்றைய கார்கள் கேட்காமலே சொல்லும் கணக்குகள் எவையும் அதில் கிடையா. 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட அந்தச் சிறிய எஞ்சினைப் பற்றி ஓட்டுபவர் அறிய வேண்டியதெல்லாம் இரண்டு சாண் அகலத்துக்குள் அடங்கிவிடும் என்பதே அந்த வடிவமைப்பின் கணக்கு. அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்க்கவுமில்லை. சிக்கல் எழுந்த இடம் வேறு. முட்களுக்கும் விளக்குகளுக்கும் அருகே வரையப்பட்ட சிறு படங்கள், அவற்றின் பின்னாலிருந்த கம்பிகளுக்குத் தெரிந்ததைவிட அதிகமாகச் சொல்வதுபோல் தோன்றின. எண்ணெய்க் குடுவையின் படம் எண்ணெயின் அளவைச் சொல்வதில்லை, பேட்டரியின் படம் பேட்டரியின் நலத்தைச் சொல்வதில்லை. சூட்டைக் காட்டும் முள்ளோ, எஞ்சின் வெந்துகொண்டிருக்கும்போதே சில வேளைகளில் கீழே இறங்கிவிடும்.

டேஷ்போர்டு என்னும் சொல் குதிரைவண்டிக் காலத்தது. குளம்புகள் வாரியடிக்கும் சேறு வண்டியோட்டியின் மீது தெறிக்காமலிருக்க முன்னால் நிறுத்திய பலகைக்கு வழங்கிய பெயர், குதிரை போன பின்னும் ஒட்டிக்கொண்டது. நம் ஊர் ஓட்டுநர்களும் மெக்கானிக்குகளும் முட்களும் விளக்குகளும் உள்ள பகுதியை மட்டும் தனியாகப் பிரித்து 'மீட்டர் போர்டு' என்பார்கள்; பொருத்தமான பெயர். இந்த மீட்டர் போர்டை எவ்வளவு சிக்கனமாக அமைக்கலாம் என்பதில் சிறிய கார்களிடையே ஒரு போட்டியே நடந்ததாகச் சொல்லலாம். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 1960-களின் தொடக்கம் வரை பெட்ரோல் மீட்டரே இல்லை. எஞ்சின் திணறத் தொடங்கியதும் காலருகே இருந்த ஒரு குழாய்த் திருகைத் திருப்பி, மீதமிருக்கும் சில லிட்டர்களை ரிசர்விலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும், ஏறக்குறைய நம் மோட்டார் சைக்கிள்களைப்போல. கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் காரில் டேங்கின் மூடியைத் திறந்து அளவுக்குச்சியை விட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சிட்ரோயன் நிறுவனத்தின் பழைய 2சிவி காரில் மழைத்துடைப்பானை இயக்கியதே வேகமானியின் கேபிள்தான் என்பதால், வண்டி மெதுவாகப் போனால் துடைப்பானும் மெதுவாகவே துடைத்தது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1959-இல் வெளிவந்த மினி காரில் ஒரே ஒரு வட்டம், அதுவும் டேஷ்போர்டின் நடுவில். வேகமும் பெட்ரோல் அளவும் விளக்குகளும் அதற்குள்ளேயே அடங்கியதோடு, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருந்தாலும் வலப்பக்கம் இருந்தாலும் அதே வட்டம் அதே இடத்தில் பொருந்தியது.

இந்தக் கார்களின் மின்னமைப்பில் ஒரு பொதுவிதி உண்டு. பேட்டரியின் ஒரு முனை காரின் இரும்பு உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். உடலே திரும்பிவரும் பாதையாகப் பயன்படுவதை 'எர்த்' என்பார்கள். ஆகவே எஞ்சினில் ஓரிடத்தில் பொருத்தப்பட்ட உணரியிலிருந்து, அதாவது சூட்டையோ அழுத்தத்தையோ மின்சார மாற்றமாக்கித் தரும் சிறு கருவியிலிருந்து, மீட்டர் போர்டுக்கு ஒரே ஒரு கம்பி ஓடினால் போதும். முள்ளோ விளக்கோ அந்த ஒற்றைக் கம்பி கொண்டுவரும் சேதியை மட்டுமே அறியும். அந்தக் கம்பி எங்கே முடிகிறது, அங்கே எதை உணர்கிறது என்று தெரிந்தவருக்கு மீட்டர் போர்டு ஒளிவுமறைவற்றது.

எண்ணெய் விளக்கிலிருந்து தொடங்கலாம், ஏனெனில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதில் அதற்கே முதலிடம். அதன் கம்பி எஞ்சின் பிளாக்கில் திருகப்பட்ட, கட்டைவிரல் அளவுள்ள ஒரு சுவிட்சில் முடிகிறது. சுவிட்சுக்குள் ஒரு மெல்லிய சவ்வும் அதைத் தாங்கும் சுருள்வில்லும் உள்ளன. ஆயில் பம்ப் உண்டாக்கும் அழுத்தம் சவ்வைத் தள்ளும்போது இணைப்பு விலகி விளக்கு அணையும், அழுத்தம் குறைந்தால் வில் இணைப்பைச் சேர்த்து விளக்கை எரியவைக்கும். இது நிகழும் எல்லை மிகக் குறைவானது, பெரும்பாலான சுவிட்சுகளில் வளிமண்டல அழுத்தத்தின் பாதியைக்கூட எட்டாது. ஓடும் எஞ்சினுக்கு வேண்டிய அழுத்தமோ அதைப்போலப் பல மடங்கு. ஆகவே விளக்கு அணைந்திருப்பதற்கு 'எண்ணெய் நன்றாக இருக்கிறது' என்று பொருளில்லை. 'அழுத்தம் முற்றிலும் போய்விடவில்லை' என்பதே பொருள். எண்ணெய் ஒரு லிட்டர் குறைந்திருந்தாலும், பம்பின் உறிஞ்சுகுழாய் மூழ்கியிருக்கும்வரை விளக்கு வாய் திறக்காது. அளவை அறிய வண்டியைச் சமதரையில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை உருவிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஆனால் இந்த விளக்கு மினுக்கும் விதம் பேசக்கூடியது. வளைவில் திரும்பும்போதோ சட்டென்று பிரேக் அடிக்கும்போதோ ஒரு கணம் எரிந்து அணைந்தால், ஆயில் சம்பில் எண்ணெய் குறைந்து, மிச்சமிருப்பது ஒருபக்கம் ஒதுங்கியதும் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று ஊகிக்கலாம். நெடும்பயணத்துக்குப் பின் எஞ்சின் நன்கு சூடான நிலையில், ஐடிலில் மட்டும் மினுக்கி, ஆக்சிலரேட்டரைச் சற்றே மிதித்ததும் அணைந்தால், எண்ணெய் நீர்த்துப்போயிருக்கலாம் அல்லது பேரிங்குகள் தேய்ந்து இடைவெளி கூடியிருக்கலாம். சுவிட்சே பழுதாகியிருப்பதும் உண்டு. ஓடும்போது அணையாமல் நின்று எரிந்தால் மட்டும் ஆராய்ச்சிக்கு இடமில்லை. எஞ்சினை அக்கணமே நிறுத்த வேண்டும், அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்ற எண்ணம் கிராங்க் ஷாப்டின் விலையாக முடியும்.

சார்ஜ் விளக்கு இதைவிடச் சுவாரசியமானது. மீட்டர் போர்டிலேயே அதிக அறிவு பொதிந்த பல்பு அதுதான் என்று துணிந்து சொல்லலாம். மற்ற விளக்குகளின் ஒரு முனை சாவி வழியாகப் பேட்டரிக்கும் மறுமுனை உணரி வழியாக எர்த்துக்கும் போக, இந்த இரண்டு மூன்று வாட் பல்பின் மறுமுனை ஆல்டர்னேட்டருக்குப் போகிறது. ஆல்டர்னேட்டர் என்பது ஃபேன் பெல்ட்டால் சுழன்று பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் கருவி. எஞ்சின் ஓடாதபோது பேட்டரிப் பக்கம் 12 வோல்ட், ஆல்டர்னேட்டர் பக்கம் ஏறக்குறைய பூஜ்ஜியம் என்பதால் பல்பு எரிகிறது. எஞ்சின் ஓடத் தொடங்கியதும் இரண்டு பக்கமும் 14 வோல்ட்டை ஒட்டி நின்றுவிட, மின்சாரம் எந்தத் திசையிலும் பாயக் காரணமில்லாமல் பல்பு அணைகிறது. அது தராசின் முள் போன்றது. எடையைச் சொல்லாது, இரண்டு தட்டும் சமமா என்பதை மட்டும் சொல்லும். இரவில் உற்றுப் பார்த்தால் மட்டுமே தெரியும்படி மங்கலாக எரிந்தால், இரு பக்கத்துக்கும் இடையே சிறிய வேறுபாடு இருக்கிறது, அதாவது ஆல்டர்னேட்டரின் டையோடுகளில் ஒன்று போயிருக்கலாம் அல்லது ஓர் இணைப்பு துருவேறியிருக்கலாம். ரெகுலேட்டர் கெட்டு, 14-இல் நிற்க வேண்டிய மின்னழுத்தம் 16-ஐத் தாண்டிப் பேட்டரி நீர் கொதித்து வற்றும்போது இந்த விளக்கு பெரும்பாலும் எரிவதில்லை. தட்டுகள் இரண்டும் சேர்ந்தே உயர்ந்துவிட்டனவே!

அதோடு, பல கார்களில் இந்தப் பல்பு சேதி சொல்வதோடு நிற்காமல் வேலையும் செய்கிறது. ஆல்டர்னேட்டர் மின்சாரம் உண்டாக்கத் தொடங்க அதன் சுழலும் கம்பிச்சுருளுக்குள் முதலில் சிறிதளவு காந்தம் வேண்டும். அந்தக் காந்தத்தை ஊட்டும் துளி மின்சாரம் இந்தப் பல்பின் வழியாகவே போகிறது. அடுப்பைப் பற்றவைக்கும் தீக்குச்சியைப்போல, ஆரம்பத்தில் மட்டும் தேவைப்படும் உதவி அது. பல்பு ஃபியூஸ் போய்விட்டால் விளக்கு எரிவதில்லை, ஓட்டுபவர் எல்லாம் நலம் என்றிருப்பார். ஆல்டர்னேட்டரோ விழித்துக்கொள்ளாமல் சும்மா சுழலும், அல்லது எஞ்சினை ஒருமுறை உரக்க முடுக்கிய பிறகு தன்னிடம் எஞ்சியுள்ள காந்தத்தைக் கொண்டு தாமதமாக விழிக்கும். காரணம் தெரியாமல் நல்ல ஆல்டர்னேட்டரைக் கழற்றி மாற்றியவர்கள் உண்டு. மாற்ற வேண்டியிருந்தது ஒரு பல்பை. சில வண்டிகளில் பல்புக்கு இணையாக ஒரு மின்தடையை வைத்து இக்குறையைத் தவிர்த்திருக்கிறார்கள்.

ஆல்டர்னேட்டருக்கு முன்னால் டைனமோ இருந்த காலத்துக் கார்களில், ஐடிலில் இந்தச் சிவப்பு மினுக்குவது இயல்பு. குறைந்த சுற்றில் பேட்டரியின் அளவுக்கு மின்னழுத்தத்தைத் தர டைனமோவால் முடியாது. ஆல்டர்னேட்டர் உள்ள வண்டியில் அதே மினுக்கல் நோயின் அறிகுறி. பீட்டிலில் இந்த விளக்குக்கு இன்னொரு பொருளும் இருந்தது. அதன் எஞ்சின் காற்றால் குளிர்விக்கப்படுவது, காற்றை வீசும் விசிறி டைனமோவின் தண்டிலேயே பொருத்தப்பட்டிருந்தது. பெல்ட் அறுந்தால் சார்ஜும் நிற்கும், விசிறியும் நிற்கும். சூட்டைக் காட்டும் முள் இல்லாத அந்தக் காரில் எஞ்சின் எரிந்துபோகப் போகிறது என்பதை முதலில் சொல்வது சார்ஜ் விளக்குதான். தண்ணீரால் குளிரும் பல பழைய கார்களிலும் ஒரே பெல்ட் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் சேர்த்துச் சுழற்றுவதால், சார்ஜ் விளக்கு எரிந்தவுடன் கண் அடுத்ததாகப் போக வேண்டிய இடம் சூட்டு முள்.

அந்த முள்ளின் பின்னால் உள்ள பொறிமுறை எளிமையானது. சூட்டில் வெவ்வேறு அளவு விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு, அதன் மேல் சுற்றிய மெல்லிய கம்பி, தகட்டின் நுனியோடு கோத்த முள், இவ்வளவே. கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் தகடு சூடேறி வளையும், வளைவு முள்ளை நகர்த்தும். சாவியைத் திருகியதும் முள் துள்ளி எழாமல், சோம்பல் முறித்துக்கொண்டு எழுபவரைப்போல மெல்ல ஏறுவதற்குக் காரணம் இதுதான். பெட்ரோல் மீட்டரும் இதே இனம். டேங்கில் மிதக்கும் ஃப்ளோட் பள்ளமேட்டில் குலுங்கினாலும் முள் ஆடாமல் நிற்கிறதென்றால், தகடு சூடேறவும் ஆறவும் நேரமெடுத்துக்கொண்டு அந்தக் குலுக்கல்களையெல்லாம் சராசரி ஆக்கிவிடுவதே காரணம். சோம்பலே அதன் திறமை.

தகட்டின் வளைவு மின்னழுத்தத்தையும் பொறுத்தது என்பதால், பேட்டரி 12 வோல்ட்டிலும் சார்ஜின்போது 14 வோல்ட்டிலும் இருந்தால் அதே பெட்ரோலுக்கு இரண்டு அளவு காட்டும். இதைச் சமன்செய்ய இரண்டு மீட்டர்களுக்கும் பொதுவாக ஒரு ஸ்டெபிலைசர் வைத்தார்கள்; ஸ்மித்ஸ் மீட்டர்கள் பொருத்தப்பட்ட பிரிட்டிஷ் கார்களில் அது இணைப்பை விட்டுவிட்டுத் துண்டித்து, சராசரியாக 10 வோல்ட் தரும். பெட்ரோல் முள்ளும் சூட்டு முள்ளும் ஒரே நேரத்தில், ஒரே திசையில், வழக்கத்தைவிட உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால் டேங்கையும் ரேடியேட்டரையும் சந்தேகிக்கும் முன் இந்தத் தீப்பெட்டி அளவுப் பொருளையும் அதன் எர்த் இணைப்பையும் சந்தேகிக்க வேண்டும். ஒரு முள் மட்டும் தவறினால் குற்றம் அதன் உணரியிலோ கம்பியிலோ இருக்கும். இண்டிகேட்டர் போட்டதும் அதன் டிக் டிக் தாளத்துக்கு ஏற்ப வேறு விளக்குகளும் சேர்ந்து துடித்தால், மீட்டர் போர்டின் எர்த் கம்பி எங்கோ தளர்ந்து, ஒன்றின் மின்சாரம் மற்றொன்றின் வழியாகத் திரும்ப வழி தேடுகிறது என்று ஆட்டோ எலக்ட்ரீஷியன் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

சூட்டு முள்ளின் உணரி சூடேறச் சூடேற மின்தடை குறையும் ஒரு பொருளால் ஆனது. தடை குறைந்தால் மின்சாரம் கூடும், முள் ஏறும். இதிலிருந்து ஒரு விபரீதம் பிறக்கிறது. உணரியின் கம்பி அறுந்தால் மின்சாரமே பாயாது, முள் குளிர்ச்சியைக் குறிக்கும் 'சி' எழுத்திலேயே படுத்திருக்கும். எஞ்சின் கொதித்தாலும் அது அசையாது. கம்பியின் மேலுறை உரிந்து எஞ்சினைத் தொட்டாலோ முள் கடைசி வரை ஏறி, குளிர்ந்த எஞ்சினைக் கொதிப்பதாகக் காட்டும். பழைய மெக்கானிக்குகள் உணரியிலிருந்து கம்பியைக் கழற்றி ஒரு கணம் எர்த்தில் தொட்டுப் பார்ப்பது இதனால்தான். முள் ஏறினால் மீட்டரும் கம்பியும் நலம், பழுது உணரியில்.

இன்னொரு நிலை இதைவிட ஆபத்தானது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் முழுவதும் போய்விட்டால், தண்ணீருக்குள் மூழ்கியிருக்க வேண்டிய உணரி வெறும் ஆவியிலும் காற்றிலும் தொங்குகிறது; சூட்டை அதனிடம் கொண்டுசேர்க்க ஊடகம் இல்லை. முள் விறுவிறுவென ஏறி, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும். ஓட்டுபவர் ஆபத்து நீங்கியதாக நினைக்கும் அந்த நிமிடங்களில்தான் சிலிண்டர் ஹெட் வளைகிறது. ஏறிய முள் காரணமின்றி இறங்குவதை, ஏறியதைவிடப் பெரிய எச்சரிக்கையாகக் கொள்வதே அறிவுடைமை. ஹீட்டர் உள்ள வண்டியில் அதைத் திறந்து பார்ப்பது ஒரு சோதனை. கொதிக்கும் எஞ்சினின் ஹீட்டரிலிருந்து குளிர்ந்த காற்று வந்தால் உள்ளே ஓடத் தண்ணீரே இல்லை என்று பெரும்பாலும் முடிவுகட்டலாம்.

பெட்ரோல் மீட்டரின் பொய்கள் இவ்வளவு கொடியவை அல்ல. ஃப்ளோட்டின் கைப்பிடி ஒரு மின்தடைச் சுருளின் மேல் வழுக்கி நகர்வதால், வருடக்கணக்கில் அதிகம் உரசப்பட்ட இடம் தேய்ந்து, முள் அங்கே வந்ததும் திடீரென விழுந்து மறுபடி எழும். இரும்புத் துண்டொன்றை இரண்டு சுருள்கள் இருபுறமும் இழுக்கும் பழைய பிரிட்டிஷ் மீட்டர்களில், டேங்கிலிருந்து வரும் கம்பி அறுந்தால் முள் 'நிறைந்தது' என்று காட்டிற்று. நடுவழியில் நிற்கும் வண்டிக்கு அது ஒரு கேலி. சில ஜப்பானிய வண்டிகளில் வந்த பெட்ரோல் குறைவு விளக்கின் உணரி அழகான யோசனை: பெட்ரோலில் மூழ்கியிருக்கும்வரை அது குளிர்ந்திருக்கும், பெட்ரோல் இறங்கி அது வெளிப்பட்டதும் தன் வழியே பாயும் மின்சாரத்தாலேயே சூடேறி, தடை குறைந்து, விளக்கை எரியவிடும்.

வேகமானிக்கு மின்சாரமே தேவையில்லை. கியர்பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் சுழன்றுகொண்டே வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது. காந்தத்தைச் சூழ, அதைத் தொடாமல், அலுமினியக் கிண்ணம் ஒன்று நிற்கிறது. சுழலும் காந்தம் கிண்ணத்தில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டித் தன்னோடு இழுக்கப் பார்க்கிறது, மயிரிழைச் சுருள்வில் ஒன்று தடுக்கிறது. இரண்டும் சமன்படும் இடத்தில் முள் நிற்கும். ஜெர்மானியரான ஓட்டோ ஷூல்ட்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்ற இந்த ஏற்பாடு, ஏறக்குறைய மாற்றமின்றி நூற்றாண்டின் இறுதி வரை சிறிய கார்களில் தொடர்ந்தது. முள் நடுங்கினால் கேபிள் வறண்டோ வளைந்தோ இருக்கிறது. வேகமும் கிலோமீட்டர் எண்ணும் சேர்ந்து நின்றால் கேபிள் அறுந்துவிட்டது. எண் ஓடி முள் மட்டும் நின்றால் பழுது மீட்டருக்குள் இருக்கிறது. கேபிளுக்குக் கிரீஸ் போடுபவர் மேல் முனையை வறண்டே விட வேண்டும், இல்லாவிட்டால் கிரீஸ் மேலேறிக் கிண்ணத்தில் ஒட்டி, முள்ளை இல்லாத வேகத்துக்குத் தள்ளும். உண்மை வேகத்தைவிட மீட்டர் சற்றுக் கூடுதலாகக் காட்டுவது பெரும்பாலும் பழுதல்ல. பல நாடுகள் பின்பற்றும் ஐக்கிய நாடுகளின் 39-ஆம் எண் வாகன விதி, குறைத்துக் காட்டுவதை அறவே தடுத்து, கூட்டிக் காட்டுவதைப் பத்து சதவீதமும் அதற்கு மேல் மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை அனுமதிக்கிறது.

பிரேக் விளக்கு இரண்டு எஜமானர்களுக்கு வேலை செய்வது. ஹேண்ட் பிரேக்கின் சுவிட்சும் பிரேக் ஆயில் கிண்ணத்தின் மிதவையும் ஒரே பல்பைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இறக்கிய பின்னும் வளைவுகளில் அது எட்டிப்பார்த்தால் கசிவு இருக்கலாம். முன்சக்கரப் பிரேக் பேடுகள் தேய்ந்து, அந்த இடத்தை நிரப்பப் பிரேக் ஆயில் கீழே இறங்கியிருக்கவும் கூடும். ஹை பீமைக் காட்டும் நீல விளக்குக்கு விளக்கம் தேவையில்லை, எதிரே வருபவரின் கண்கள் அதை ஓட்டுபவருக்கு நினைவூட்டிவிடும்.

2000-ஐ ஒட்டி, கார்புரேட்டர் போய் மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எம்.பி.எஃப்.ஐ எஞ்சின் மாருதி 800-இல் வந்தபோது, மீட்டர் போர்டில் வேறு வகையைச் சேர்ந்த ஒரு விளக்கும் குடியேறியது. எஞ்சின் படத்துடன் மஞ்சளாக எரியும் இந்த 'செக் எஞ்சின்' விளக்கின் கம்பி எந்த உணரியிலும் முடியாமல் ஒரு கணிப்பொறியில் முடிகிறது. பல உணரிகளின் சேதிகளைக் கேட்டு, ஒவ்வாத ஒன்றைக் கண்டால் அது விளக்கை எரியவிடும். அக்காலத்துச் சுசுகி கார்களில் சோதனை இணைப்பின் இரண்டு முனைகளைக் கம்பியால் சேர்த்தால் இந்த விளக்கு கண்சிமிட்டிப் பழுதின் எண்ணைச் சொல்லும். ஒருமுறை சிமிட்டி, சிறிது நின்று, இருமுறை சிமிட்டினால் 12, பழுது எதுவும் பதிவாகவில்லை என்று பொருள்.

இந்த விளக்கே பழைய கார் சந்தையில் ஒரு தந்திரத்துக்கும் வழிவகுத்தது. எரிந்துகொண்டே இருக்கும் செக் எஞ்சின் விளக்கோடு வண்டியை விற்பது கடினம் என்பதால், சிலர் பல்பையே கழற்றிவிடுவார்கள். சாவியைப் பாதி திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் பார்த்தால் எண்ணெய், சார்ஜ், செக் எஞ்சின் விளக்குகள் அனைத்தும் எரிய வேண்டும். எரியாத விளக்கு அங்கேயே மாட்டிக்கொள்ளும். இதையறிந்த கைதேர்ந்தவர்கள் அந்தப் பல்பை எண்ணெய் விளக்கின் கம்பியோடு சேர்த்துவிடுவதால், சாவி போட்டதும் அது ஒழுங்காக எரிந்து, வண்டி கிளம்பியதும் ஒழுங்காக அணையும். நேர்மையான மீட்டர் போர்டில் விளக்குகள் ஒவ்வொன்றும் தத்தம் காரணத்துக்காக, தத்தம் நேரத்தில் அணையும்: ஆல்டர்னேட்டர் சுற்றத் தொடங்கியதும் சார்ஜ், சவ்வை அழுத்தம் எட்டியதும் எண்ணெய், கணிப்பொறி திருப்தியடைந்ததும் செக் எஞ்சின். இரண்டு விளக்குகள் எத்தனை முறை கிளப்பிப் பார்த்தாலும் ஒரே கணத்தில், கைகோத்தாற்போல் அணைந்தால், அவற்றின் பின்னால் இருப்பது ஒரே கம்பி.